ஆகஸ்டில் பிறந்தவரும் செப்டம்பரில் பிறந்தவரும்: பெரியவர்களின் ஏ.டி.எச்.டி. குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

முப்பது, நாற்பது வயதில் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, அளவுமீறிய துறுதுறுப்பு சார்ந்த கோளாறு) என்று தெரியவருகிறவர்களில் நிறையப் பேர் கேட்கிற கேள்வி இது: நான் பிறந்த மாதத்துக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? பிறந்த நேரம் என்றதும் ஜாதகக் கட்டத்தை எடுத்துக்கொண்டு வர வேண்டாம், இது அந்த விஷயம் இல்லை. கேள்வி நியாயமானதுதான். பிறந்த மாதத்தைப் பொறுத்து டயக்னோசிஸ் கூடுகிறது, குறைகிறது என்று காட்டுகிற பெரிய ஆய்வுகள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியவை. அந்த எண்களை அப்படியே தூக்கிப் பெரியவர்கள் மேல் வைத்துப் பார்க்கும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

என் பார்வையை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறந்த மாதம் உங்கள் மூளையைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. சின்ன வயதில் உங்களை யார் பக்கத்தில் நிறுத்தி எடை போட்டார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. எத்தனையாவது வாரத்தில் பிறந்தீர்கள் என்பது வேறு சங்கதி, அதற்குப் பிறகு வருகிறேன்.

எடுத்துக்கொண்ட நிகழ்வு

அமெரிக்காவில் கிண்டர்கார்டன் சேர்க்கைக்குப் பல மாநிலங்களில் ஒரு கட்-ஆஃப் தேதி உண்டு. இங்கே பார்க்கப்போகிற ஆய்வின் கணக்கில் 18 மாநிலங்களில் அது செப்டம்பர் 1. அந்தத் தேதிக்குள் 5 வயது முடிந்திருந்தால் இந்த வருடம் சேரலாம், இல்லையென்றால் அடுத்த வருடம். ஆகஸ்ட் 31 அன்று பிறந்த குழந்தை 5 வயது முடிந்த கையோடு வகுப்புக்குள் போகிறது. செப்டம்பர் 2 அன்று பிறந்த குழந்தை ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, 6 வயதை எட்டிப் பிடிக்கும் நேரத்தில் அதே மாதிரி வகுப்புக்குப் போகிறது. பிறப்பில் இரண்டு நாள் வித்தியாசம், வகுப்பில் ஏறக்குறைய ஒரு வருட வித்தியாசம். ஐந்து வயதில் ஒரு வருடம் என்பது அதுவரை வாழ்ந்த வாழ்க்கையில் ஐந்தில் ஒரு பங்கு!

ஹார்வர்டைச் சேர்ந்த டிமதி லேட்டனும் மைக்கேல் பார்னெட், டானர் ஹிக்ஸ், அனுபம் ஜெனா ஆகியோரும் சேர்ந்து இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 2007 முதல் 2009 வரை பிறந்த 4,07,846 குழந்தைகளின் இன்சூரன்ஸ் பதிவுகளை எடுத்து, 2015 டிசம்பர் வரை யாருக்கெல்லாம் ஏ.டி.எச்.டி. என்று பில் போடப்பட்டது என்று பார்த்தார்கள். முடிவு 2018 நவம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது.

செப்டம்பர் 1 கட்-ஆஃப் உள்ள மாநிலங்களில் ஆகஸ்டில் பிறந்தவர்கள் 36,319 பேர், அதில் 309 பேருக்கு டயக்னோசிஸ். செப்டம்பரில் பிறந்தவர்கள் 35,353 பேர், அதில் 225 பேருக்கு. பத்தாயிரத்துக்கு 85.1, எதிர்ப்பக்கம் 63.6. அதாவது ஆகஸ்ட் பக்கம் 34 சதவீதம் அதிகம். மாத்திரை எழுதிக் கொடுத்ததிலும் இதே கதைதான்: பத்தாயிரத்துக்கு 52.9 பேர், 40.4 பேர்.

செய்தித் தலைப்புகள் எல்லாம் அந்த 34 சதவீதத்தைத்தான் பிடித்துக்கொண்டன. நான் இன்னொரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். செப்டம்பர் விகிதமே ஆகஸ்டுக்கும் பொருந்தியிருந்தால் 231 பேர் வந்திருக்க வேண்டும். வந்தது 309. கூடுதல் 78 பேர். 36,000 குழந்தைகளில் 78 என்பது மிகச் சின்ன எண், ஆனால் டயக்னோசிஸ் வாங்கியவர்களில் பார்த்தால் நான்கில் ஒருவர். இரண்டுமே உண்மை. ஊரே ஏ.டி.எச்.டி. என்று பயப்படுகிறவர்களுக்கு முதல் எண்ணைக் காட்டலாம், டயக்னோசிஸ் என்பது எக்ஸ்ரே மாதிரி துல்லியமான சமாசாரம் என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டாவதை.

ஒரு சந்தேகம் வரலாம். ஆகஸ்ட் குழந்தைகளுக்குப் பொதுவாகவே உடம்பு சுகமில்லாமல் போகிறதோ என்னவோ? ஆஸ்துமா, சர்க்கரை நோய், உடல் பருமன் ஆகியவற்றையும் லேட்டன் குழுவே பார்த்திருக்கிறது, அவற்றில் இந்த ஆகஸ்ட், செப்டம்பர் இடைவெளி இல்லை. செப்டம்பர் 1 கட்-ஆஃப் இல்லாத மாநிலங்களிலும் ஏ.டி.எச்.டி.யில் குறிப்பிடும்படியான இடைவெளி வரவில்லை.

பருவமா, கோடா?

பிறந்த மாதம் என்றால் மனதில் முதலில் வருவது பருவகாலம். கர்ப்ப காலத்தில் வெயில் போதவில்லை, வைட்டமின் டி குறைந்தது, குளிர்காலத்தில் அம்மாவுக்கு ஃப்ளூ வந்தது, இப்படி ஏதாவது ஒன்று குழந்தையின் மூளையைத் தொட்டிருக்கலாம் அல்லவா? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்த யோசனை சரி என்றால் ஒரே மாதிரி தட்பவெப்பம் உள்ள இடங்களில் ஒரே பருவத்தில் பிறந்தவர்களுக்கு அதிகமாக வர வேண்டும், பள்ளிச் சேர்க்கைத் தேதி எதுவாக இருந்தால் என்ன?

நடப்பது அது இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கட்-ஆஃப் டிசம்பர் 31. அங்கே 9,37,943 குழந்தைகளின் பதிவுகளை வைத்து 2012ல் வந்த ஆய்வில் ஆகஸ்டுக்குத் தனி இடம் எதுவும் இல்லை. டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு ஜனவரியில் பிறந்தவர்களைவிட டயக்னோசிஸ் 30 சதவீதம் அதிகம், பெண் பிள்ளைகளுக்கு 70 சதவீதம் அதிகம். தைவானில் கோடு ஆகஸ்ட் 31, அங்கே ஆகஸ்ட் பிள்ளைகளுக்கு அதிகம். மேற்கு ஆஸ்திரேலியாவில் கோடு ஜூன் 30, அங்கே ஜூனில் பிறந்தவர்கள், அதுவும் அந்த ஊரில் ஜூன் என்றால் குளிர்காலம். கோட்டை எங்கே கிழித்தார்களோ, உச்சமும் அங்கேயே போய் நிற்கிறது. வெயிலுக்கும் வைட்டமினுக்கும் கல்வித்துறையின் சுற்றறிக்கை தெரியாது இல்லையா.

எனக்கு இந்த விவகாரத்திலேயே பிடித்த சாட்சி டென்மார்க். அங்கேயும் சேர்க்கை காலண்டர் வருடப்படிதான், ஆகவே டிசம்பர் பிள்ளைகள்தான் கடைக்குட்டிகள். ஆனால் 2014ல் வெளிவந்த ஆய்வில் அவர்களிடம் மருந்து வாங்கும் விகிதம் சொல்லிக்கொள்ளும்படி கூடவில்லை. ஏன்? வருடக் கடைசி மூன்று மாதங்களில் பிறந்த பிள்ளைகளில் சுமார் 40 சதவீதம் பேரைப் பெற்றோர் ஒரு வருடம் தாமதமாகச் சேர்க்கிறார்கள், பள்ளியும் அதை இயல்பாக எடுத்துக்கொள்கிறது. இன்னும் தயாராகாத குழந்தையை வகுப்புக்குள் தள்ளாததால் அந்த மாதத்துப் பிள்ளைகள் தனியாகத் தெரிவதில்லை. மருந்தைச் சிறப்பு மருத்துவர்கள் பார்த்துத் தொடங்குவதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

யார் கண்ணுக்குத் தெரிகிறது

வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தால் விஷயம் இன்னும் புரியும். பாயில் வட்டமாக உட்கார வேண்டும், கையைத் தூக்கிவிட்டுத்தான் பேச வேண்டும், மற்றவர் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், தண்ணீர் பாட்டிலையும் பென்சிலையும் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும். 5 வயது 2 மாதக் குழந்தை எட்டாவது நிமிடத்தில் எழுந்து ஜன்னல் பக்கம் போகிறது. 6 வயதுக் குழந்தை அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மிஸ் இருவரையும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறார், ஏனென்றால் இருவரும் ஒரே வகுப்பு. அமெரிக்காவில் பரவலாகப் பயன்படுத்துகிற வாண்டர்பில்ட் மதிப்பீட்டுப் படிவத்தில், குழந்தையின் வயதுக்கு எது பொருத்தமோ அதை மனதில் வைத்து மதிப்பெண் போடுங்கள் என்று மேலேயே எழுதியிருக்கிறது. சரி, எழுதியிருக்கிறது. ஆனால் முப்பது பிள்ளைகளின் பிறந்த தேதியையும் மனதில் வைத்துக்கொண்டு 'இருக்கையைவிட்டு எழுகிறான்' என்ற வரிக்கு நேரே 'அடிக்கடி'யா 'எப்போதாவது'வா என்று டிக் போடுகிற ஆசிரியர் எங்கே இருக்கிறார்? குறை சொல்லவில்லை, அது மனித சாத்தியம் இல்லை.

டாட் எல்டர் என்ற பொருளாதார ஆய்வாளர் 2010லேயே இதைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். பள்ளியில் சேரும் வயது, ஆசிரியர் தருகிற மதிப்பீட்டைப் பலமாக மாற்றுகிறது. அதே குழந்தையைப் பற்றிப் பெற்றோர் தருகிற மதிப்பீட்டைக் கொஞ்சம்தான் மாற்றுகிறது. வீட்டில் ஒப்பிட அந்த வகுப்பு இல்லை, அண்ணனோ தங்கையோதான் இருக்கிறார்கள், அவர்களின் வயது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

அப்படியானால் பெரியவர்களுக்கு?

லேட்டன் குழுவின் பட்டியலில் இருந்த 2007 ஆகஸ்ட் பிள்ளைகளுக்கு 2025 ஆகஸ்டில் 18 வயது முடிந்துவிட்டது. எனவே 'குழந்தைகளின் விஷயம்' என்று ஒதுக்கிவைக்க முடியாது. அந்தக் கூடுதல் 78 பேர் பெரியவர்களானதும் என்ன ஆவார்கள்?

எளிமையான ஊகம் இதுதான்: அவர்களுக்கு ஏ.டி.எச்.டி.யே இல்லை, வயது போதவில்லை, அவ்வளவுதான், வளர்ந்ததும் சரியாகிவிடும். நானும் இதைத்தான் எதிர்பார்ப்பேன். 2023ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் கோரன்டின் கோஸ்லிங், சாமுவேல் கோர்டெசே உள்ளிட்டவர்கள் இதை நேரடியாகச் சோதித்து வெளியிட்டார்கள். குழந்தைகளைப் பல வருடம் பின்தொடர்ந்த 57 ஆய்வுகளின் தரவைத் தனி நபர் வாரியாகச் சேர்த்து, ஏ.டி.எச்.டி. என்று கண்டறியப்பட்ட சுமார் 6,500 பேரில் வகுப்பின் இளையவர்களுக்குப் பின்னாளில் டயக்னோசிஸ் அதிகமாகக் கழன்றுபோகிறதா என்று பார்த்தார்கள். போகவில்லை. இளையவரோ மூத்தவரோ, நீடிக்கிற விகிதம் ஒன்றுதான்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, அந்த இளைய பிள்ளைகளுக்கு உண்மையிலேயே லேசான ஏ.டி.எச்.டி. இருந்தது, வகுப்பில் சின்னவராக இருந்ததால் வெளியே தெரிந்தது. அப்படியென்றால் அதே அளவு லேசாக இருந்த மூத்த பிள்ளைகள் கண்ணில் படாமல் தப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். இன்னொன்று, இந்தத் தொடர் ஆய்வுகளில் குழந்தைகளை உட்காரவைத்து முறையாக மதிப்பிட்டிருப்பார்கள், அவசர அவசரமாகப் பில் போட்ட டயக்னோசிஸ் அதில் குறைவு, ஆகவே இன்சூரன்ஸ் தரவில் இருக்கிற தவறான டயக்னோசிஸ் இதில் தெரியாது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது, ஆனால் முதலாவதன் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். ஏனென்றால் ஏ.டி.எச்.டி. என்பது உண்டு, இல்லை என்று வெட்டினாற்போல் பிரிகிற நோய் இல்லை. கவனம், பொறுமை, அடக்கம் எல்லாமே மக்களிடம் கூடவும் குறையவும் பரவிக் கிடக்கிறது, எங்கோ ஓரிடத்தில் கோடு போட்டு அதற்கு அந்தப் பக்கம் கோளாறு என்கிறோம்.

பெரியவர்களைப் பற்றிய நேரடியான தகவல் ஸ்வீடனிலிருந்து வருகிறது. 2014ல் வெளியான அந்த ஆய்வு இரண்டு விதமான தரவுகளை வைத்திருந்தது. ஒன்று, நாடு தழுவிய மருத்துவப் பதிவேடு: யாருக்கு டயக்னோசிஸ், யார் மருந்து வாங்கினார்கள். மற்றொன்று, இரட்டையர்களின் பதிவேடு: குழந்தைகளைப் பற்றிப் பெற்றோர் சொன்னது, வளர்ந்தவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னது. மருத்துவப் பதிவேட்டில் வருடக் கடைசியில் பிறந்தவர்களுக்கு, அதாவது வகுப்பின் இளையவர்களுக்கு, டயக்னோசிஸ் கூடுதலாக இருந்தது. அறிகுறிகளைப் பற்றிப் பெற்றோரும் பெரியவர்களும் சொன்னதில் அந்த மாத வித்தியாசம் இல்லை.

ஆக, 'அறிகுறி' வேறு, 'டயக்னோசிஸ்' வேறு. பிறந்த மாதம் ஒட்டிக்கொண்டிருப்பது இரண்டாவதோடு. முப்பத்தைந்து வயதுக்காரர் மின்கட்டணம் கட்ட மறந்து ஃப்யூஸைப் பிடுங்கிக்கொண்டு போகும்படி விடுகிறார், மீட்டிங்கில் பாதியிலேயே மனம் எங்கோ போய்விடுகிறது, தொடங்கிய ஐந்து வேலையும் பாதியில் நிற்கிறது என்றால், அதை அவர் ஆகஸ்டா செப்டம்பரா என்று கேட்டுத் தீர்மானிக்க முடியாது. அலுவலகத்தில் யாரும் பிறந்த மாதப்படி வரிசை கட்டி நிற்பதில்லை.

எட்டு மாதத்தில் பிறந்தவர்கள்

பிறந்த நேரம் மூளையை உண்மையிலேயே தொடுகிற இடம் ஒன்று உண்டு. அது குறைமாதப் பிறப்பு. ஸ்வீடனில் 1987க்கும் 2000க்கும் இடையே பிறந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து 2011ல் வெளியான ஆய்வில் எண்கள் படிக்கட்டு போல இறங்குகின்றன. நிறைமாதப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் ஏ.டி.எச்.டி. மருந்து எடுக்கும் வாய்ப்பு 23 முதல் 28 வாரத்தில் பிறந்தவர்களுக்கு 2.1 மடங்கு, 29 முதல் 32 வாரம் 1.6, 33, 34 வாரம் 1.4, 35, 36 வாரம் 1.3, 37, 38 வாரம் 1.1. வாரம் கூடக் கூட ஆபத்து குறைகிறது. கட்-ஆஃப் தேதிக்கு இப்படி ஒரு படிக்கட்டைக் கட்டத் தெரியாது.

நார்வேயில் 2012ல் பெரியவர்களையே எடுத்துப் பார்த்தார்கள். ஏ.டி.எச்.டி.க்கு மருந்து எடுத்த 2,323 பெரியவர்களின் பிறப்புப் பதிவை, பதினொன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மற்றவர்களின் பதிவோடு ஒப்பிட்டதில், 37 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு ஆபத்து 1.3 மடங்கு, 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு ஏறக்குறைய 5 மடங்கு. இருந்தாலும் 35 வாரத்தில் பிறந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஏ.டி.எச்.டி. இல்லை, ஏ.டி.எச்.டி. உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் நிறைமாதத்தில் பிறந்தவர்கள். பரம்பரையின் பங்கு இதைவிட எவ்வளவோ பெரியது.

இரண்டும் ஒன்றாக வந்து மாட்டுகிற சந்தர்ப்பமும் இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அக்டோபர் கடைசியில் பிறக்க வேண்டிய குழந்தை பத்து வாரம் முன்னதாக ஆகஸ்ட் நடுவில் பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 1 கோட்டின்படி அது ஒரு வருடம் முன்னதாகவே பள்ளிக்குப் போயாக வேண்டும். குறைமாதத்தால் வரும் சிக்கலும் வகுப்பின் கடைக்குட்டி என்ற சிக்கலும் ஒரே பிள்ளையின் தலையில். பின்னாளில் இவர் மருத்துவரிடம் போனால், எது எவ்வளவு என்று பிரிப்பது லேசான காரியம் இல்லை.

மதிப்பீட்டுக்குப் போகும்போது

2013ல் வந்த டி.எஸ்.எம்.-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு) விதிப்படி 17 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குக் கவனக்குறைவில் 5, அல்லது துறுதுறுப்பில் 5 அறிகுறிகள் இருக்க வேண்டும், அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும், வீடு, வேலை என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும், வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். அந்த 12 வயது நிபந்தனையில்தான் பிறந்த மாதம் பின்வாசல் வழியாக உள்ளே வருகிறது. சாட்சிக்கு நாம் கொண்டுபோவது பழைய ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டையும் 'கவனம் போதாது' என்று மிஸ் எழுதிய வரியையும்தானே. வகுப்பின் இளையவர் என்றால் அந்த வரியைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டுப் படிக்க வேண்டும். வகுப்பின் மூத்தவர் என்றால், அப்படி ஒரு வரி இல்லாததை வைத்து 'சின்ன வயதில் ஒன்றும் இல்லை' என்று முடித்துவிடக் கூடாது. குறிப்பாக, சத்தம் போடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகள், அதிலும் படிப்பில் சமாளித்துவிட்டவர்கள். அவர்கள் ரிப்போர்ட்டில் 'அமைதியானவள்' என்று இருக்கும். எனக்குக் கூடுதலாகக் கவலை தருவது இவர்கள்தான். தேவையில்லாமல் மாத்திரை வாங்கியவர்கள் பதிவேட்டில் இருக்கிறார்கள், தவறவிடப்பட்டவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31க்குள் 5 வயது முடிந்திருக்க வேண்டும், ஆகவே கணக்குப்படி ஜூலை பிள்ளைகள் கடைக்குட்டிகள். ஆனால் இப்போது நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மறு பக்கக் காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் சேர்த்துக்கொண்ட காலம் அது. தொட்டதும் ஹெட்மாஸ்டரே மே, ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டு எழுதிக்கொள்வார், அதுவே எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலும் ஆதாரிலும் வந்து உட்கார்ந்துவிடும். அந்தத் தேதியை வைத்து 'நான் வகுப்பில் இளையவன்' என்று கணக்குப் போடுவது வீண் வேலை. அம்மாவையோ அத்தையையோ கேட்டால் எந்தப் பண்டிகைக்கு எத்தனை நாள் முன்னால் பிறந்தீர்கள் என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். கேட்கும்போதே, நிறைமாதமா, எட்டு மாதமா, பிறந்தபோது எடை எவ்வளவு, மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்களா என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று, இரண்டாம் வகுப்பு ரிப்போர்ட்டைவிட ஐந்து, ஆறு, ஏழாம் வகுப்பு ரிப்போர்ட் கிடைத்தால் அதை மருத்துவரிடம் முதலில் கொடுங்கள். அந்த வயதுக்குள் பத்து, பதினொரு மாத வித்தியாசம் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். தைவான் தரவிலும் பிள்ளைகள் பதின்ம வயதை நெருங்க நெருங்க இந்த இடைவெளி சுருங்கியது. ஏழாம் வகுப்பிலும் நோட்டைத் தொலைத்து, வீட்டுப்பாடத்தைப் பாதியில் விட்டு, பேச்சின் நடுவே குறுக்கே விழுந்துகொண்டிருந்தீர்கள் என்றால், அதற்குக் காரணமாகப் பிறந்த மாதத்தைச் சொல்ல முடியாது.